பாவட்டைப் பூச்சிக்குப் பேர் வைத்தவள்

அந்தப் பூச்சிக்குப் பேர் இருக்கிறது. பூச்சிதான் இல்லை. சந்தேகமிருந்தால் நாகலூர் பஸ்ஸில் ஏறிப் போய்த் தேடிப் பாருங்கள். நான் தேடிவிட்டேன்.

என்னை முன்கோபி என்று ஏற்காட்டில் தெரியாதவர்கள் கிடையாது. இன்பமேரி என்று பேர் வைத்த என் அப்பாவைத்தான் கேட்கவேண்டும், என்ன நினைத்து வைத்தார் என்று. இருபத்தெட்டு வருடம் அங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குச் செடியையும் பூச்சியையும் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். நான் வராந்தாவில் நடந்து வந்தால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அமைதியாகிவிடும். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு இருந்தது. கோபம் பாவம் சண்டாளம் என்று சும்மாவா சொன்னார்கள்.

முடிச்சு என்றால் என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பாதியில் நிறுத்திக் கேட்பீர்கள், எனக்கு எரிச்சல் வரும். ஒரு சின்னப் பூச்சி செடியின் இளந்தளிரில் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வருகிற புழு அங்கே வாயை வைத்ததும், செடி அந்த இடத்தில் வீங்கிப் புழுவுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்கும். சுவரும் செடியுடையது, உள்ளே சோறும் செடியுடையது. கைக்குழந்தைக்கு உரைத்துப் போடுகிறோமே மாசிக்காய், அது காயே இல்லை. அதுவும் இந்த மாதிரி ஒரு பூச்சி கட்டவைத்த வீடுதான். ஆங்கிலத்தில் இதற்குக் 'கால்' என்று பேர். தமிழில் அப்படியே கரும்பலகையில் எழுதினேன் ஒருமுறை. பூச்சிக்குக் காலா, செடிக்குக் காலா என்று ஒன்பதாம் வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து முடிச்சு என்றே வைத்துக்கொண்டேன்.

நாகலூருக்கு இரண்டு மைல் முன்னால் ஒரு காப்பி எஸ்டேட். அதன் மேல்கோடியில் காப்பி முடிந்து சோலைக்காடு தொடங்கும் இடத்தில் ஏழு பாவட்டைச் செடிகள் நின்றன. ஆள் உயரப் புதர்கள். 1968 ஜூலையில் பிள்ளைகளுக்கு இலை பறிக்கப் போனபோது பார்த்தேன். இலை நரம்பில் மிளகு மிளகாகச் சிவந்த முடிச்சுகள். நகத்தால் ஒன்றைக் கீறினால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு புழு சுருண்டு கிடந்தது. என்னிடமிருந்த புத்தகத்தில் அது இல்லை. சென்னையில் பேராசிரியர் தேவசிகாமணி என்று ஒருவர், பூச்சிகளை வகை பிரிப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவருக்கு எழுதிக் கேட்டேன். இதுவரை யாரும் எழுதாத பூச்சி மாதிரி இருக்கிறது, ஆனால் புழுவை வைத்துப் பேர் வைக்க முடியாது, சிறகு முளைத்த பூச்சியைப் பிடித்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

சிறகு முளைத்த பூச்சி. கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

மலை முழுக்கப் பாவட்டை உண்டு. தலைச்சோலைப் பக்கம், ஏரிக்குப் பின்னால், கோயில் பாதை என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவேன். எங்கேயும் முடிச்சு கிடையாது. அந்த ஏழு செடியில் மட்டும்தான் அது வாழ்ந்தது. முடிச்சுள்ள இலைகளைப் பறித்து வந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுத் துணி கட்டி வைத்தேன். மூன்றாம் வாரம் பச்சையாகப் பளபளவென்று ஒரு குளவி வெளியே வந்தது, கடுகில் பாதி இருக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பிரிட்டில் போட்டு, பஞ்சு சுற்றி, பார்சல் கட்டி அனுப்பினேன். பேரைக்கூட யோசித்து வைத்துவிட்டேன். சேர்வராயன் மலையின் பேரையே அதற்கு வைப்பது என்று.

பேராசிரியர் ஒரு இன்லண்டு லெட்டரில் நாலே வரி எழுதியிருந்தார். 'நீங்கள் அனுப்பியது திருடன். வீட்டுக்குள் புகுந்து புழுவைத் தின்றுவிட்டு வெளியே வந்திருக்கிறது. எனக்கு வேண்டியது வீட்டுக்காரன். வீட்டுக்காரனை அனுப்புங்கள்.' ஒரு மாதம் நான் அந்த மனிதருக்குப் பதிலே போடவில்லை. அவ்வளவு கோபம். ஆனால் அவர் சொன்னது சரி.

அதற்கப்புறம் ஒன்பது வருடம், வருடா வருடம், பாட்டிலில் திருடன்தான் வந்தான். வீட்டுக்காரன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் கேலி வேறு. "என்ன மேரி டீச்சர், இந்த வருஷமாவது உங்க வீட்டுக்காரர் வருவாரா?" என்று தனலட்சுமி டீச்சர் கேட்பாள். கல்யாணமாகாத என்னிடம் கேட்கிற கேள்வியா அது. ஒருநாள் டஸ்டரைத் தூக்கி அவள் மேலேயே எறிந்தேன்.

பத்தாம் வருடம்தான் புத்தி வந்தது. 1978 அக்டோபரில் நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு அந்தச் செடியடியில் ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். முடிச்சு நனைந்து ஒரு ஓரம் பிளந்தது. ஆரஞ்சுப் புழு வெளியே நெளிந்து வந்து, இலை நுனியிலிருந்து பொத்தென்று மண்ணில் விழுந்து, உள்ளே போய்விட்டது. அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்காரன் வீட்டிலிருந்து வாசல் வழியாகப் பறந்து போகிறவன் இல்லை. மண்ணுக்குள் தூங்கி, மே மாதம் கோடைமழையில் பாவட்டை தளிர்க்கும்போது மண்ணிலிருந்து எழுந்து வருகிறவன். நான் பத்து வருடமாக இலையைப் பறித்துப் பறித்து அவனைப் பாட்டிலில் பட்டினி போட்டுச் சாகடித்திருக்கிறேன்.

அந்த மண்ணை அப்போதே அள்ளியிருந்தால் என்ன என்று கேட்பீர்கள். அள்ளினேன். ஆனால் மழை அதற்குள் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டிருந்தது. அடுத்த மே மாதம் வரை அந்த மண்ணைப் போட்டு வைத்த தொட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு எறும்பு வந்தது.

ஆக மிச்சம் இருந்தது ஒரே ஒரு பருவம். 1980 மே மாதம் நான் ரிட்டயர் ஆகவேண்டும். பள்ளிக்கூடத்து வீட்டைக் காலி செய்து சேலத்தில் தம்பி வீட்டு மாடிக்குப் போகவேண்டும். தம்பி பெண்டாட்டிக்குப் பூச்சி என்றால் ஆகாது, நானென்றாலும் ஆகாது. அதற்குள் வீட்டுக்காரனைப் பிடித்துப் பேர் வைத்துவிடவேண்டும். எனக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இருந்ததாக ஞாபகமில்லை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, நகை நட்டில் நாட்டமில்லை. ஒரு சின்ன உயிருக்கு நான் பேர் வைத்தேன் என்று அச்சில் ஒரு வரி. அது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

எஸ்டேட்டில் எனக்குத் துணை பாப்பாத்தி. களை வெட்டுகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. நாற்பது வயதிருக்கும். அந்த எஸ்டேட்டு லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டிலேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு என்னோடு மேலே ஏறி வருவாள். ஒருநாள் மூச்சு வாங்க ஏறி வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க டீச்சரு, இந்தக் காட்டுச் செடியப் போயி வருசக்கணக்கா இப்பிடிக் கும்புட்டுக்கிட்டு இருக்கறீங்களே. இதுல அப்பிடி என்னதானுங்க இருக்குது?"

"பாவட்டைய லேசா நெனைக்காதே பாப்பாத்தி. பூவைப் பாரு, காயைப் பாரு. காப்பியும் இதுவும் ஒரே குடும்பம். காப்பிக்கு இது பங்காளி."

"பங்காளிங்களா? அப்ப ஒரு நாளைக்கி வரப்புச் சண்ட வந்துருமுங்களே," என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளிடம் மட்டும் எனக்குக் கோபம் வராது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1979 செப்டம்பர் முதல் வாரம். முடிச்சுகள் திரண்டு பழுக்கிற நேரம். இந்தத் தடவை இலையைத் தொடப்போவதில்லை. ஏழு செடியையும் சுற்றிக் குச்சி நட்டு, மல் துணியால் கொசுவலை மாதிரி கூடாரம் கட்டினேன். புழு விழுகிற மண்ணை மழை அடித்துப் போகாமல் சுற்றிக் கல் அடுக்கினேன். பாப்பாத்திதான் கல் தூக்கிக் கொடுத்தாள். யாராவது தெரியாமல் கை வைத்துவிடப் போகிறார்களே என்று பயம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழாவுக்கு வாங்கி மிஞ்சிய சிவப்பு ரிப்பன் ஒரு சுருள் இருந்தது. பாப்பாத்தி கீழே வேலைக்குப் போனபிறகு, ஏழு செடியின் தண்டிலும் பளிச்சென்று தெரிகிற மாதிரி அந்தச் சிவப்பு ரிப்பனைக் கட்டினேன். இதைத் தொடாதே என்று அர்த்தம். எனக்கு.

அப்புறம் காலாண்டுத் தேர்வு வந்தது. நூற்றெண்பது விடைத்தாள் திருத்தவேண்டும். மூன்று வாரம் நான் நாகலூர்ப் பக்கமே போகவில்லை.

தேர்வு லீவில் முதல் சனிக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கினேன். எஸ்டேட்டில் அங்கங்கே புகை. காப்பித் தண்டைக் குடைகிற வண்டு ஒன்று உண்டு, போரர் என்பார்கள். அது விழுந்த செடியைக் குறி வைத்து, வேரோடு பிடுங்கி, அங்கேயே போட்டு எரிக்கவேண்டும். வருடா வருடம் நடக்கிற வேலைதான். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் மேலே ஏறினேன். இவ்வளவு நாள் குறி என்றால் தண்டில் ஒரு சுண்ணாம்புப் பட்டை அடிப்பார்கள். வழியில் இரண்டு காப்பிச் செடியின் தண்டில் சிவப்புத் துணிக் கிழிசல் கட்டியிருந்தது. பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

மேல்கோடியில் ஏழு குழிகள் இருந்தன. ஆறு குழிக்கு மேல் சாம்பல். கருகிப் போன மல் துணி ஒரு முள்ளில் தொங்கிக்கொண்டிருந்தது.

பாப்பாத்தி மண்வெட்டியோடு ஓடி வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைத்தான் இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

"வாங்க டீச்சரு. நீங்க பரிச்ச வேலைல இருப்பீங்கன்னு நாங்களே பாத்து முடிச்சுட்டோமுங்க. ஒரு பூச்சி தப்பல."

"என்ன முடிச்சே?"

"போரர் விழுந்ததுக்குச் செவப்புத் துணி கட்டறது, கட்டுனத எல்லாம் புடுங்கி எரிக்கறதுன்னு புது ரைட்டரு சொல்லியிருக்காருங்களே. மேல வந்து பாத்தா பாவட்டைலயும் நீங்க செவப்பு கட்டி வெச்சிருந்தீங்க. காப்பிக்குப் பங்காளின்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. செரி, பங்காளி ஊட்டுக்கும் நோவு வந்துருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேனுங்க. பூச்சி வெளிய பறந்துறக் கூடாதுன்னு டீச்சரு வலகூடக் கட்டியிருக்காங்க பாருன்னு இவளுககிட்டச் சொன்னேன்."

அவள் சொன்னதில் ஒரு சொல் தப்புண்டா? ஒன்றுமில்லை. நானே சொல்லிக்கொடுத்த பாடம். நானே கட்டிய ரிப்பன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். ஆனால் அது அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பதினொரு வருடம் சாம்பலாகக் கிடக்கிறது, எதிரே ஒருத்தி சிரித்துக்கொண்டு நிற்கிறாள் என்பதுதான்.

என்னென்ன சொன்னேன் என்று எழுதக் கூசுகிறது. கூறு கெட்டவளே என்றேன். களைக்கும் பயிருக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம் என்றேன். அவளுடைய ஆட்களுக்கு முன்னால் வைத்துச் சொன்னேன். இனிமேல் என் வாசப்படியை மிதித்தால் நடக்கிறதே வேறு என்றேன். அவள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள். ஏனென்று கேட்கவும் இல்லை, அழவும் இல்லை.

எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் மரியஜோசப்பையும் விடவில்லை. அவன் ஆகஸ்டில்தான் வேலைக்கு வந்தவன். "மஸ்டர்ல நோட்டீசு ஒட்டி வெச்சிருந்தேனுங்க மேடம். சுண்ணாம்பு மழைல கரஞ்சு போவுதுன்னுதானுங்க துணி கட்டச் சொன்னது," என்றான். எஸ்டேட்டு ஆட்கள் வேலைக்குக் கூடுகிற இடத்தில் ஒட்டிய நோட்டீசை நான் எங்கே பார்த்தேன். அவனையும் நாலு வாங்கு வாங்கிவிட்டு மேலே போனேன்.

சாம்பல் இல்லாத குழி ஒன்று. அதன் ஓரத்து மண்ணைக் கையாலேயே வழித்தேன். மதியச் சாப்பாட்டைக் காட்டில் கொட்டிவிட்டு டிபன் கேரியரில் நிரப்பினேன், பையில் நிரப்பினேன், குடையை விரித்துப் பிடித்து அதிலும் அள்ளினேன். முன்கூட்டி விழுந்த புழு ஏதாவது இந்த மண்ணில் இருக்கும். இருந்தே ஆகவேண்டும். பஸ்ஸில் கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நான் திருப்பிப் பார்த்ததும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

மூன்று தொட்டியில் மண்ணைப் போட்டு, மேலே மல் துணி கட்டி வைத்தேன். இங்கே நான் இன்னொரு காரியம் செய்தேன். மே மாதம் அது தானாக எழுந்து வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை. மே மாதம் நான் மூட்டை கட்டிக்கொண்டிருப்பேன். சேலத்து வெயிலில் தொட்டி காய்ந்துவிட்டால்? தம்பி பெண்டாட்டி எடுத்துக் கொட்டிவிட்டால்? அதனால் தொட்டிகளைச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். டிசம்பரிலிருந்து தினமும் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்தேன். கோடையும் வந்துவிட்டது, மழையும் வந்துவிட்டது என்று அதை நம்பவைத்தேன். பிள்ளையை எட்டாம் மாதத்திலேயே வெளியே வா என்று கூப்பிடுகிற மாதிரிதான். தெரிந்தேதான் செய்தேன்.

அதற்கு நடுவில் பாப்பாத்தி இரண்டு முறை வந்தாள். முதல் தடவை, நவம்பரில், கேட்டைத் திறந்து உள்ளே காலை வைத்தாள். நான் ஜன்னலைச் சாத்தினேன். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். இரண்டாம் தடவை கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால். தூறல். தலையில் சாக்கைக் கொங்காடை மாதிரி போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்று, "டீச்சரு, ஒரே ஒரு வார்த்தைங்க," என்று கூப்பிட்டாள்.

"ஊட்டுல ஆளில்லை," என்று நானே உள்ளேயிருந்து கத்தினேன். இந்த லட்சணத்தில் நான் அடுத்த வீட்டுக்காரர்களுக்குப் புத்தி சொல்வேன்.

மாட்டுப் பொங்கல் அன்று, லீவு நாள், காலை ஆறரை மணிக்குக் காப்பி போட அடுப்பைப் பற்றவைத்தேன். இரண்டாவது தொட்டியின் துணிக்குள் ஏதோ அசைந்தது. லென்ஸை எடுத்தேன். அவசரத்தில் அது கீழே விழுந்து உருண்டது.

ஐந்து. கொசுவில் பாதி. நீளக் கால், பாசிமணி கோத்த மாதிரி உணர்கொம்பு, ஆரஞ்சு வயிறு. ஒன்று ஆண், நான்கு பெண். திருடன் இல்லை, குளவி இல்லை. என் வீட்டுக்காரன். முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். சாமி கும்பிட்டேனா, அழுதேனா என்று தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆண் ஒவ்வொரு பெண்ணாகத் தேடிப் போய்ச் சேர்ந்தது. பெண் பூச்சிகள் அதற்கப்புறம் துணியின் ஓரம் ஓரமாக நடந்தன. பின்னுடலை நீட்டித் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. தளிர் தேடுகின்றன என்று எனக்குத் தெரியும். இந்த இனத்துப் பூச்சி ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள்தான் இருக்கும். அதற்குள் பாவட்டைத் தளிரில் முட்டை வைக்கவேண்டும்.

ஜனவரிக் குளிரில் இந்த மலையில் பாவட்டை ஏது தளிர்? சால்வையைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகச் சரிவில் இறங்கி ஓடினேன். அங்கே மூன்று செடி உண்டு. எல்லாம் முற்றிய இலை, தோல் மாதிரி. ஒரு கொழுந்து கிடையாது. விரலால் ஒவ்வொரு நுனியாகத் தடவிப் பார்த்தேன். ஏரிக்குப் பின்னால் போகலாமா என்று யோசித்தேன். எங்கே போனாலும் இதே கதைதான். மே மாதத்துப் பிள்ளையை ஜனவரியில் கூப்பிட்டவள் நான். அதற்குத் தொட்டில் கட்ட யாரிடம் போய்க் கேட்பது.

வீட்டுக்கு வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். இரண்டே வழி. விட்டால் இன்று மாலைக்குள் செத்துத் துணியில் ஒட்டிக் காய்ந்துபோகும், காய்ந்ததை மைக்ராஸ்கோப்புக் கண்ணாடியில் ஏற்ற முடியாது, பேரும் கிடையாது. இப்போதே ஸ்பிரிட்டில் போட்டால் பேராவது மிஞ்சும். எப்படியும் சாகிறதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அவ்வளவு யோசிக்கவும் இல்லை. பதினொரு வருடப் பசி எனக்கு. எட்டு மணிக்கு ஸ்பிரிட் ஊற்றிய கண்ணாடிக் குழாயைத் திறந்து, ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தொட்டு உள்ளே விட்டேன். ஆண் முதலில். பிறகு பெண்கள். கடைசிப் பெண் தூரிகையில் ஏறமாட்டேன் என்று இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை ஏறியது. ஒன்றைக்கூட விடவில்லை.

லீவுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் வைத்தேன். ஒரு பெண் பூச்சியைக் கண்ணாடித் துண்டில் ஏற்றி, சீட்டில் இடம், தேதி, செடி, நான் வைத்த பேர், எல்லாம் மை ஊற்றி நல்ல கையெழுத்தில் எழுதி ஒட்டினேன். எழுதி முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். வயிறு நிறைய முட்டைகள். கொத்தாக, ஆரஞ்சாக, ஒன்றன்மேல் ஒன்றாக. எண்ண ஆரம்பித்து அறுபதோடு நிறுத்திவிட்டேன்.

பத்து மணிக்குக் கேட்டுச் சத்தம் கேட்டது. பாப்பாத்தி. கையில் சாக்குச் சுற்றிய ஒரு கனம். அன்றைக்கு எனக்குக் கோபப்படச் சக்தியில்லை. கதவு திறந்தே கிடந்தது. அவள் படியேறாமல் கீழேயே நின்றாள்.

"திட்டிறாதீங்க டீச்சரு. குடுத்துட்டுப் போயிர்றேன்," என்று சாக்கை அவிழ்த்தாள்.

பாவட்டைத் தூர். கைமணிக்கட்டுத் தடிமன், பாதி வெட்டுப்பட்டது. அதில் நாலு பக்கமும் தளிர். இளம்பச்சையாக, மெத்தென்று, விரல் நீளத்துக்குத் தளிர்.

"எல்லாத்தயும் எரிக்கச் சொன்னாரு ரைட்டரு. நல்ல தூரா இருக்குதே, அடுப்புக்கு ஆவட்டுமின்னு ஒண்ண மட்டும் களவாண்டு ஊட்டுக்குக் கொண்டுபோயிட்டனுங்க. காயட்டுமின்னு பொடக்காணில குளிக்கற தண்ணி போற எடத்துல போட்டு வெச்சேன். வெந்நித் தண்ணி பட்டுப் பட்டு, காயறதுக்குப் பதுலாத் தளுத்துக்கிச்சுங்க. நீங்க அன்னிக்கி அழுதது எனக்கு நொம்பச் சங்கட்டமாப் போச்சு. இதச் சொல்லத்தானுங்க ரெண்டு வாட்டி வந்தேன். ஆளில்லைன்னுட்டீங்க."

நான் அழுதேனா அன்றைக்கு? எனக்கு ஞாபகமே இல்லை. திட்டியதுதான் ஞாபகம். அவளுக்கு அழுதது மட்டும்தான் ஞாபகம் இருந்திருக்கிறது.

உள்ளே வா என்றேன். வந்தாள். மைக்ராஸ்கோப்பில் பார் என்றேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"இதுதானுங்களா நீங்க தேடுன ஊட்டுக்காரன்?"

"ஊட்டுக்காரி."

"வகுத்துல என்னமோ மணிமணியா இருக்குதுங்களே."

"முட்டை."

அவள் கண்ணை எடுத்துவிட்டுத் தளிரைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடித் துண்டைப் பார்த்தாள். நாலு பிள்ளை பெற்றவள். அவளுக்கு நான் ஒன்றும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"மத்ததுங்க?"

மேசைமேலிருந்த குழாயைக் காட்டினேன். ஸ்பிரிட்டுக்கு அடியில் நான்கும் கால் விரித்துக் கிடந்தன.

"எப்பங்க போட்டீங்க?"

"இன்னிக்குத்தான். எட்டு மணிக்கு."

அவள் சாக்கை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

"நானு ஏழு மணி பஸ்ஸுக்கே வந்து எறங்கிட்டனுங்க டீச்சரு," என்றாள். "நல்ல நாளும் அதுவுமா நீங்க திட்டிப் போடுவீங்களோன்னு, செடிய மடியில வெச்சுக்கிட்டு உங்க கேட்டுக்கு எதுத்தாப்பல கல்லு மேலயேதான் ஒக்காந்திருந்தேன்."

பிறகு தூரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இத எங்கீங்க வெக்கட்டும்?" என்று கேட்டாள்.